ஒரு பாதிரியாரின் இசைப் பெட்டகமும் எங்கள் கட்டிலடிக் கசெற்றுகளும்

சென்ற மாரிகாலத்தில் பலெர்மோவை விட்டு ஜேர்மனிக்கு மகளோடு இருக்கப் போன ஒரு ஐயாவின் வீட்டை ஒழித்துக் கொடுக்க நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். பல்லாரோ சந்தைக்குப் பின்பக்கம், நான்காம் மாடி, லிப்ட் கிடையாது. கட்டில், குளிர்சாதனப்பெட்டி, சட்டி பானை எல்லாம் இறக்கியான பிறகு கட்டிலடியில் இரண்டு சூட்கேசும் ஒரு தோடம்பழப் பெட்டியும் மிஞ்சின. திறந்து பார்த்தால் அத்தனையும் கசெற். கீழே குப்பைத்தொட்டி இருக்கிறது, கொண்டு போய்ப் போடுவோமா என்று கேட்டோம். ஐயா கதிரையில் இருந்தபடியே, "தம்பியவை, உதை மட்டும் எறியாதையுங்கோ. நான் முப்பது வருசம் சேர்த்தது. மகளின்ரை வீட்டிலை வைக்க இடமில்லை. நீங்கள் கொண்டு போங்கோ" என்றார்.

கொண்டு வந்தோம். எண்ணினோம். முந்நூற்றுப் பதினெட்டு.

நாங்கள் மூவரும் நெத்தலி மீனை உப்பிட்டுப் போத்தலில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். எங்களில் ஒருவர்கூட ஏ.எல். வரை போகவில்லை. சங்கீதம் என்றால் கோயில் திருவிழாவில் கேட்டதோடு சரி. இந்தக் கசெற்றுகளை என்ன செய்வது என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களோடு வேலை செய்யும் இத்தாலிக்காரர் ஒருவர் விடயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருடைய மகள் இங்குள்ள இசைக்கல்லூரியில் படிக்கிறாள். "உங்கள் ஐயா ஜேர்மனிக்குப் போகிறார், இசை இங்கே நிற்கிறது. எங்கள் பாதிரியார் ஒருவருக்கு மறுவளமாக நடந்தது. அவர் இங்கே நின்றார், அவருடைய இசை ஜேர்மனிக்குப் போய்விட்டது" என்றார். அந்தக் கதையை விசாரித்தும் வாசித்தும் தெரிந்துகொண்ட அளவில் எம்மவருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அந்த இசைக்கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை. சான் டொமெனிக்கோ தேவாலயத்தில் இருந்து துறைமுகப் பக்கமாக நடந்தால் ஸ்குவார்சலூப்போ என்ற ஒடுங்கிய தெருவில் அது இருக்கிறது. எம்மவர் பலர் வேலைக்குப் போகும் வழியில் அதைத் தாண்டியிருப்பார்கள். 'கொன்சர்வத்தோரியோ' என்று எழுதியிருக்கும். அதற்கு இசைக்கல்லூரி என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். உண்மையில் அச்சொல்லின் பழைய பொருள் பாதுகாத்து வைக்கும் இடம் என்பதாகும். பாதுகாக்கப்பட்டது இசையல்ல, அநாதைப் பிள்ளைகள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருவில் திரிந்த, நாதியற்ற பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் இல்லமாகத்தான் பலெர்மோவில் இது ஆரம்பமாயிற்று. நாப்போலியில் இப்படி நான்கு இல்லங்கள் இருந்தன. பிள்ளைகள் தேவாலயங்களில் பாடினால் இல்லத்துக்கு வருமானம் வரும் என்று பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். காலப்போக்கில் பாட்டு நின்றது, அநாதை இல்லம் மறைந்தது. இப்போது இக்கல்லூரிக்கு அலெஸ்ஸாந்திரோ ஸ்கார்லாட்டியின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1660இல் இதே பலெர்மோவில் பிறந்து, சிறுவனாகவே ஊரைவிட்டு றோமுக்குப் போய், 1725இல் நாப்போலியில் இறந்த பெரும் இசையமைப்பாளர் அவர். அவரும் புலம்பெயர்ந்தவர்தான் என்று நாங்கள் சொன்னால் இத்தாலிக்காரர் கோபிப்பார்களோ தெரியாது.

இனிப் பாதிரியாரின் கதைக்கு வருவோம். அவர் பெயர் போர்த்துனாத்தோ சாந்தினி. 1777இல் பிறந்து றோமில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். யன்னக்கோனி என்ற ஆசிரியரிடம் இசை கற்று, 1801இல் குருவானவர். பெரிய பதவி எதுவும் அவருக்குக் கிடைத்ததில்லை, சொத்தும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு பேனாவும் ஒரு பைத்தியமும்.

பைத்தியம் என்று ஏன் சொல்கிறோம் என்றால், அவர் காலத்தில் பழைய தேவாலய இசையை விரும்பிக் கேட்பாரே குறைவு. எல்லாரும் ஒப்பேரா நாடகப் பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். 1594இல் இறந்த பலெஸ்த்ரீனா போன்றவர்களின் படைப்புகள் தேவாலய அலுமாரிகளிலும் பிரபுக்களின் நூலகங்களிலும் தூசி பிடித்துக் கிடந்தன. அவை கிடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நான்கு பேர் நான்கு குரலில் பாடும் பாட்டு என்றால் நான்கு புத்தகங்கள். ஒவ்வொருவருக்கும் தன்னுடைய குரல் மட்டுமே எழுதிய புத்தகம். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு முழுப்பாட்டும் எப்படி ஒலிக்கும் என்று அறிய முடியாது. சாந்தினி இப்படியான புத்தகங்களைத் தேடிப்பிடித்து, நான்கு குரலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே தாளில் சேர்த்து எழுதினார். போட்டோக்கொப்பி இல்லாத காலம். ஒவ்வொரு சுரப்புள்ளியும் கையால் வைத்தது. இதையே ஒன்றல்ல இரண்டல்ல, அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்தார். கடைசியில் அவரிடம் சேர்ந்தது சுமார் 4,500 கையெழுத்துப் பிரதிகள், அவற்றோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட அச்சுப் பிரதிகள். ஒரு பிரதிக்குள் பல பாட்டுகள் இருக்கும் என்பதால் பாட்டுகளாக எண்ணினால் இன்னும் பல மடங்கு.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் மூடினோம் என்று எண்ணி எழுதுவார்கள். சாந்தினியின் கணக்கைக் கேட்டபோது எங்களுக்கு அதுதான் ஞாபகம் வந்தது. வித்தியாசம் என்னவென்றால், அவருக்கு எண்ணி எழுத மேற்பார்வையாளர் ஒருவரும் இருக்கவில்லை.

எங்களுக்கு அவரிடம் மிகவும் பிடித்த விடயம் தொகுப்பின் பருமன் அல்ல. அவர் பூட்டி வைக்கவில்லை. 1820இலேயே தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலை அச்சிட்டு வெளியிட்டார். கேட்டவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார், பதிலுக்கு அவர்களிடம் உள்ளதை வாங்கிக்கொண்டார். 1830இல் றோமுக்கு வந்த மென்டல்சோன் என்ற ஜேர்மானிய இசையமைப்பாளர், அப்போது 21 வயது இளைஞர், அவரைத் தேடி வந்து நண்பரானார். பாக், ஹென்டல் போன்ற வடநாட்டு இசையமைப்பாளர்களின் படைப்புகளை இத்தாலியருக்கு அறிமுகப்படுத்த சாந்தினி பாடுபட்டார். ஜேர்மன் மொழிப் பாட்டை இங்குள்ளவர்கள் பாட மாட்டார்கள் என்று சொற்களை மொழிபெயர்த்தும் கொடுத்தார். ரஷ்ய நாட்டு விமர்சகர் விளாதிமிர் ஸ்தாசோவ் இத்தொகுப்பைப் பார்த்து வியந்து 1854இல் ஒரு சிறு நூலே எழுதினார்.

ஆனால் வயது போகப் போக சாந்தினிக்கு ஒரு பயம் பிடித்தது. கையில் பணமில்லை. தான் கண்ணை மூடினால் இதெல்லாம் துண்டு துண்டாகப் பழைய கடதாசிக் கடைக்குப் போகும் என்ற பயம். கடைசியில் ஜேர்மனியின் மூன்ஸ்டர் மறைமாவட்டத்தோடு 1855இல் ஓர் உடன்பாடு செய்தார். தொகுப்பு அவர்களுக்கு. பதிலாக, அவர் உயிரோடு இருக்கும்வரை வருடாவருடம் ஒரு தொகை. 1861இல் அவர் காலமானார். அடுத்த வருடம் பெட்டிகள் மூன்ஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தன.

போய்ச் சேர்ந்து என்ன? ஏறக்குறைய நாற்பது வருடம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்களே மறந்துபோனார்கள். ஸ்கார்லாட்டியைப் பற்றி எழுத முனைந்த எட்வர்ட் டென்ட் என்ற ஆங்கிலேயர் தேடிக்கொண்டு போனபோதுதான் எங்கள் பலெர்மோக்காரரின் படைப்புகள் அங்கே குவிந்து கிடப்பது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. டென்டின் நூல் 1905இல் வந்தது. 1910இல் யோசப் கில்லிங் என்ற ஜேர்மானியர் சாந்தினியின் தொகுப்பைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். பிறகு இரண்டாம் உலகப்போர். மூன்ஸ்டர் நகரம் குண்டுவீச்சில் பெரும்பாலும் அழிந்தது. தொகுப்பின் பெரும்பகுதி தப்பியது. போர் முடிந்து ஆறுதலாக மூச்சுவிட்டிருப்பார்கள், 1946இல் வெள்ளம் வந்து ஒரு பகுதியை நாசமாக்கியது. நெருப்புக்குத் தப்பியது தண்ணீரில் நனைந்தது. இருந்தாலும் இன்றைக்கும் அத்தொகுப்பு மூன்ஸ்டர் மறைமாவட்ட நூலகத்தில் இருக்கிறது. பட்டியல் கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறது. றோமில் எழுதிய பாட்டை இன்று இத்தாலிக்காரர் பாட வேண்டுமென்றால் சிலவேளை ஜேர்மனியிடம்தான் கேட்க வேண்டும்.

இது அநியாயம் என்று எங்கள் வேலைத்தல நண்பர் வாதாடுகிறார். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதற்குள் இருந்தன. எங்களில் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை, ஆனாலும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அப்படி வளர்ந்தவர்களுக்கு, எந்த நாட்டில் இருக்கிறது என்பதைவிட இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதற் கேள்வி.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு வழி கண்டார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றவில்லை. சென்னையிலேயே 1994இல் நூலகமாக நிறுவினார்கள். நுண்படப் பிரதி வெளியே போனது, மூலம் ஊரிலேயே நின்றது. தியாகராஜரின் கீர்த்தனைகள்கூட அவருடைய சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் வீட்டு ஏடுகளால்தான் பெருமளவு நிலைத்தன. அந்த ஏடுகளை மதுரையில் சௌராஷ்டிர சபையார் காப்பாற்றினார்கள். பாகவதரும் சௌராஷ்டிரர். எங்கோ வடக்கில் இருந்து தறியோடு தெற்கே வந்த சமூகம் அது.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு எங்களால் கசெற்றுகளை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. சாந்தினி முதலில் செய்தது பட்டியல் என்பதால் நாங்களும் அதிலேயே தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை சாந்தா றொசாலியா மலைக்குப் போய்வந்து, பின்னேரம் முழுக்க ஒரு கொப்பியில் எழுதுவது. மூன்று ஞாயிறு எடுத்தது. மதுரை மணி ஐயர், மதுரை சோமு, எம்.டி.இராமநாதன் என்று ஐயாவின் மணியான கையெழுத்தில் பெயர்கள். அளவெட்டி என்.கே.பத்மநாதனின் நாதஸ்வரம். தட்சணாமூர்த்தியின் தவில் மட்டும் பதினொரு கசெற். 1975இல் மறைந்துவிட்ட அந்த மேதையை எங்கள் அப்பாமார்கூடச் சிறுவயதில்தான் கேட்டிருப்பார்கள். இலங்கை வானொலியில் இருந்து பதிந்தவை சில, ஊர்த் திருவிழாக்களில் பதிந்தவை பல.

நாற்பத்தொன்று ஓடவேயில்லை. கசெற்றுக்குள் இருப்பது நான்கு மில்லிமீற்றர்கூட அகலமில்லாத ஒரு நாடா. அதில் காந்தப்பொடியைப் பசை கொண்டு ஒட்டியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் பசை இளகும், பூஞ்சணம் பிடிக்கும். பலெர்மோவின் கடற்காற்றும் கட்டிலடி ஈரமும் சேர்ந்தால் கேட்கவும் வேண்டுமா? நூற்றிருபது நிமிடக் கசெற்றுகள் இன்னும் மோசம். நாடா மெல்லியது, சுற்றிச் சிக்குப்பட்டுவிடும். பழைய டெக் ஒன்றைச் சந்தையில் வாங்கி, கணினியோடு ஒரு வயரால் பொருத்தி, ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பதிகிறோம். ஒரு மணித்தியாலக் கசெற்றுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும், அவசரப்படுத்த வழியில்லை. இரவு வேலை முடிந்து வந்து போட்டுவிட்டுப் படுத்தால் தூக்கத்தில் தவில் கேட்கும். இதுவரை தொண்ணூற்றாறு முடிந்திருக்கிறது.

ஒரு நாள் மணி ஐயர் என்று எழுதிய கசெற்றின் மறுபக்கத்தைப் போட்டோம். பாட்டில்லை. ஒரு வயதான அம்மாவின் குரல். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊரில் இருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்புவார்களே, அது. மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் வற்றியது, குளிருக்குச் சப்பாத்து வாங்கினாயா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு போகிறார். இடையில் தூரத்தில் ஷெல் விழும் சத்தம். அம்மா ஒரு கணம் நிறுத்திவிட்டு, விட்ட இடத்தில் இருந்தே தொடர்கிறார். நாங்கள் உடனே நிறுத்திவிட்டு ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "அது தொலைஞ்சு போச்செண்டெல்லோ நினைச்சன்" என்றார். பிறகு, "அதை ஆருக்கும் போட்டுக் காட்டாதையுங்கோ தம்பி. எனக்கு மட்டும் அனுப்புங்கோ" என்றார். அனுப்பினோம். எங்கள் பட்டியலில் அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

மிச்சத்தை எங்கே கொடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. 2005இல் இருந்து எமது நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் நிறுவனத்தாரோடு தொடர்புகொள்ள யோசித்திருக்கிறோம். மூலக் கசெற்றுகளை ஐயா எங்களிடமே விட்டிருக்கிறார். எங்களுக்கு நாளைக்கு வேலை போனால், வீடு மாறினால் அவையும் ஒரு கட்டிலடியில் இருந்து இன்னொரு கட்டிலடிக்கு. ஆகவே பிரதிகளை இரண்டு வீட்டில் வைத்திருக்கிறோம்.

வாசகர்களிடம் ஓர் உதவி. இருநூற்றி ஏழாம் கசெற்றில் பெயர் ஒட்டவில்லை. ஏதோ ஒரு கோயில் திருவிழா, இரண்டு நாதஸ்வரம், தவில் யாரென்று தெரியவில்லை, தோடி நெடுநேரம் போகிறது. நடுவில் வெடி கொளுத்துகிறார்கள். ஒலிபெருக்கியில், சிவப்புச் சட்டை போட்ட நான்கு வயதுப் பெடியன் ஒருவன் தேர்முட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறான், பெற்றோர் வந்து கூட்டிக்கொண்டு போகவும் என்று இரண்டு தரம் அறிவிக்கிறார்கள். ஐயாவுக்கும் அது எந்த ஊர் என்று நினைவில்லை, யாரோ கொடுத்ததாம். இந்த அறிவிப்பைக் கேட்டவர்களோ, அந்தப் பெடியனைத் தெரிந்தவர்களோ இருந்தால் சஞ்சிகை முகவரிக்கு எழுதுங்கள்.