ஈஸா (அலை) மனிதரா, இறைவனா, இரண்டுமா? கிறித்தவ உலகின் நீண்ட விவாதம்



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. கிறித்தவ நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகளில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். விழா ஒத்திகையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, "வாப்பா, ஈஸா நபியை அவங்க ஏன் கடவுள்னு சொல்றாங்க? அவங்க மனுஷர்தானே?" என்று கேட்கிறது. நம்மில் பலர் சொல்லும் பதில் ஒரே வரிதான்: "ரோம் நாட்டு ராஜா கூட்டம் போட்டு, ஓட்டெடுத்து அவரைக் கடவுளாக்கிட்டான்." இதே வரியை மேடைகளிலும் கேட்கிறோம், வாட்ஸ்அப்பிலும் படிக்கிறோம்.

இந்தப் பதிலில் பாதி உண்மைதான் இருக்கிறது. நாளை அந்தப் பிள்ளை கல்லூரியில் விவரம் தெரிந்த ஒரு கிறித்தவ நண்பரிடம் இதைச் சொல்லி, அவர் வரலாற்றை எடுத்துக் காட்டினால் என்ன ஆகும்? நாம் கற்றுக்கொடுத்த மற்ற விஷயங்களின் மீதும் பிள்ளைக்குச் சந்தேகம் எழும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான் (5:8). அந்த நீதி, பிறருடைய நம்பிக்கையை எடுத்துச் சொல்லும்போதும் வேண்டும். எனவே, கிறித்தவர்களுக்குள் உண்மையில் நடந்த விவாதம் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

தொடக்கத்திலேயே இருந்த கேள்வி

கிறித்தவர்களின் புதிய ஏற்பாட்டைப் படிப்பவர்கள் இரண்டு வகையான செய்திகளைக் காண்பார்கள். ஒருபுறம் இயேசு பசிக்கிறார், களைத்துத் தூங்குகிறார், அழுகிறார், இறைவனிடம் மன்றாடுகிறார். இறுதி வேளை எப்போது என்பது தமக்குத் தெரியாது, தந்தைக்கே தெரியும் என்கிறார் (மாற்கு 13:32). தந்தை தம்மைவிடப் பெரியவர் என்றும் சொல்கிறார் (யோவான் 14:28). மறுபுறம், அதே யோவான் சுவிசேஷம் அவரைத் தொடக்கத்திலேயே இறைவனோடு இருந்த வார்த்தை என்கிறது. அவருடைய சீடர் தோமா அவரைப் பார்த்துக் கடவுள் என்று அழைத்ததாகவும் எழுதுகிறது (யோவான் 20:28).

இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதில்தான் பிரச்சினை தொடங்கியது. எபியோனியர் என்ற யூதப் பின்னணி கொண்ட பிரிவினர் அவரை மனிதராகவே கருதினார்கள். அதற்கு நேர் எதிராக, அவர் உண்மையான மனிதரே அல்ல, மனிதரைப் போலத் தோற்றமளித்தார், அவ்வளவுதான் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பெரும்பான்மையினர் இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் தேடினார்கள்.

இயேசுவை வணங்கும் வழக்கம் நாம் நினைப்பதைவிடப் பழமையானது. கி.பி. 112-ஐ ஒட்டி, பித்தினியா மாகாணத்தின் ரோமானிய ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறித்தவர்கள் விடியும் முன்பே கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வமாகப் பாவித்துப் பாடுவதாக அதில் குறிப்பிட்டார். அப்போது கான்ஸ்டன்டைன் பிறக்கக்கூட இல்லை. ஆகவே ஒரே கூட்டத்தில் அவர் கடவுளாக்கப்பட்டார் என்பது சரியல்ல.

ஆரியஸும் நைசியா மாநாடும்

கி.பி. 318 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியஸ் என்ற பாதிரியார் ஒரு கருத்தை வலியுறுத்தினார். இறைவன் ஒருவனே, தொடக்கமில்லாதவன். மகன் எனப்படுபவர் அவனால் படைக்கப்பட்டவர். எனவே அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்றார். அவருடைய ஆயர் அலெக்சாண்டர் இதை மறுத்தார். சண்டை ஊர் ஊராகப் பரவியது.

பேரரசைத் தன் கையில் ஒன்றுபடுத்தியிருந்த கான்ஸ்டன்டைனுக்கு இந்தப் பிளவு பெரும் தலைவலியானது. கி.பி. 325-இல் நைசியாவில் ஆயர்கள் மாநாட்டைக் கூட்டினார். இன்று துருக்கியில் இஸ்னிக் என்று அழைக்கப்படும் ஊர் அது. ஏறத்தாழ முந்நூறு ஆயர்கள் வந்தார்கள். மகன் தந்தையின் 'ஒரே இயல்பு' உடையவர் என்ற வாசகம் நம்பிக்கை அறிக்கையில் சேர்க்கப்பட்டது. கடைசிவரை ஒப்புக்கொள்ளாத இரண்டு ஆயர்களும் ஆரியஸும் நாடு கடத்தப்பட்டார்கள். மார்க்கக் கருத்துக்காக ஆட்சியாளர் தண்டனை கொடுத்தது மறுக்க முடியாத உண்மை. 'பாதி உண்மை' என்று நாம் சொன்னது இதைத்தான்.

இங்கே மூன்று தவறுகளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஒன்று: நைசியாவில் பைபிளின் நூல்கள் தேர்ந்தெடுக்கப்படவில்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளபடி பட்டியலிடும் பழைய ஆவணம், அதானசியஸ் என்ற ஆயர் கி.பி. 367-இல் எழுதிய கடிதம்.

இரண்டு: திரித்துவக் கொள்கை அங்கே முழு வடிவம் பெறவில்லை. பரிசுத்த ஆவி பற்றிய கருத்து கி.பி. 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் மாநாட்டில்தான் விரித்துரைக்கப்பட்டது.

மூன்று: ஆரியஸ் நம்மைப் போன்ற தவ்ஹீத்வாதி அல்லர். உலகமே அந்த மகன் மூலமாகப் படைக்கப்பட்டது என்பது அவருடைய நம்பிக்கை. ஈஸா (அலை) அவர்களை அடியார் என்றும் தூதர் என்றும் மட்டும் சொல்லும் நம் நிலை வேறு; அவருடைய நிலை வேறு.

மாநாட்டோடு விவாதமும் முடியவில்லை. நாடு கடத்திய ஆரியஸைக் கான்ஸ்டன்டைனே திரும்ப அழைத்தார். மரணப் படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், ஆரியஸுக்கு ஆதரவாக நின்ற ஓர் ஆயர். அடுத்து வந்த கான்ஸ்டான்டியஸ் நைசியா முடிவுக்கு எதிரணியை ஆதரித்தார். நைசியாவின் முக்கிய ஆதரவாளரான அதானசியஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 'ஒரே இயல்பு' என்பதற்குப் பதில் 'ஒத்த இயல்பு' என்று சொல்லலாமா என்றுகூட ஆயர்கள் பல ஆண்டுகள் மோதிக்கொண்டார்கள். கிரேக்க மொழியில் இவ்விரு சொற்களுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

'இரண்டும்' என்றால் எப்படி?

மகன் முழுமையான கடவுள் என்று முடிவு செய்ததும் அடுத்த கேள்வி வந்து நின்றது. அப்படியானால் நாசரேத்தில் வாழ்ந்த மனிதர் யார்? அவர் உடலால் மட்டுமே மனிதர், உள்ளே மனித அறிவுக்குப் பதில் இறை வார்த்தை இருந்தது என்றார் அப்போலினாரிஸ். இது 381-இல் நிராகரிக்கப்பட்டது.

பிறகு கான்ஸ்டான்டிநோபிளின் தலைமை ஆயர் நெஸ்டோரியஸ், மர்யம் (அலை) அவர்களைக் 'கடவுளின் தாய்' என்று அழைப்பது பொருத்தமல்ல, 'கிறிஸ்துவின் தாய்' என்பதே சரி என்றார். அலெக்சாந்திரியாவின் சிரில் கடுமையாக எதிர்த்தார். கி.பி. 431-இல் எபேசு மாநாடு நெஸ்டோரியஸைப் பதவியிலிருந்து நீக்கியது.

கி.பி. 451-இல் கால்சிடன் மாநாடு ஒரு வாய்பாட்டைத் தந்தது: இயேசு ஒரே ஆள், ஆனால் இறை இயல்பு, மனித இயல்பு என இரண்டு இயல்புகள் உடையவர், அவை ஒன்றோடொன்று கலப்பதும் இல்லை, பிரிவதும் இல்லை. கத்தோலிக்கர்களும் கிரேக்க மரபுத் திருச்சபையினரும் பெரும்பாலான புராட்டஸ்டண்டுகளும் இன்றும் இதையே ஏற்கிறார்கள். எகிப்தின் காப்டிக், ஆர்மீனிய, எத்தியோப்பிய, சிரியத் திருச்சபைகள் ஏற்கவில்லை. இறைமையும் மனிதமும் இணைந்த ஒரே இயல்பு என்பது அவர்களின் நிலை. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் யாக்கோபிய, மலங்கரை ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் இந்த மரபைச் சேர்ந்தவர்களே.

அவர்கள் ஏன் விடாப்பிடியாக நின்றார்கள்?

வார்த்தை விளையாட்டுக்காகவா இவ்வளவு சண்டை என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அவர்களுடைய பார்வையில் இது மறுமை பற்றிய கேள்வி. ஆதமின் பாவத்தால் மனித குலமே விழுந்துவிட்டது, அதை மீட்கத்தான் இயேசு வந்தார் என்பது அவர்களின் அடிப்படை நம்பிக்கை. படைக்கப்பட்ட ஒருவரால் படைப்புகளை மீட்க முடியாது, ஆகவே அவர் கடவுளாகத்தான் இருக்க வேண்டும் என்று அதானசியஸ் தரப்பு வாதிட்டது. மனித நிலையை முழுமையாக ஏற்காதவர் மனிதரை எப்படிக் குணப்படுத்த முடியும், ஆகவே அவர் முழு மனிதராகவும் இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் வாதிட்டார்கள். ஆகவே 'இரண்டும்' என்ற விடைக்கு அவர்களை இட்டுச் சென்றது, மீட்புக் கோட்பாடு.

இந்த இடத்தில்தான் இஸ்லாம் அடியோடு வேறுபடுகிறது. ஆதம் (அலை) தவறு செய்தார், பாவமன்னிப்புக் கேட்டார், அல்லாஹ் மன்னித்தான் (2:37). கதை அங்கேயே முடிந்தது. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை (6:164). அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் தவ்பாவின் கதவு நேராகத் திறந்திருக்கிறது. மன்னிப்புக்காக இறைவன் மனிதனாக வர வேண்டிய தேவையே இங்கே எழவில்லை. பிள்ளைகளுக்கு நாம் புரியவைக்க வேண்டிய மையக் கருத்து இதுதான்.

குர்ஆன் அருளப்பட்ட காலம்

குர்ஆன் இறங்கிய ஏழாம் நூற்றாண்டில் இந்த விவாதம் சூடாகவே இருந்தது. முஸ்லிம்கள் அடைக்கலம் தேடிச் சென்ற அபிசீனியாவின் திருச்சபை, கால்சிடன் முடிவை ஏற்காதது. அங்கேதான் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் மன்னர் நஜாஷியின் முன் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் கடிதம் அனுப்பிய ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ், பிளவுபட்ட கிறித்தவர்களை ஒன்றுசேர்க்க, கிறிஸ்துவுக்கு இரண்டு இயல்புகள் இருந்தாலும் ஒரே சித்தம்தான் என்ற சமரசத்தை கி.பி. 638-இல் அறிவித்தார். இரு தரப்பும் அதில் நிறைவடையவில்லை. கி.பி. 681-இல் நிறைவடைந்த மாநாடு அதையும் தள்ளுபடி செய்தது.

இத்தனை வாய்பாடுகளுக்கு நடுவே குர்ஆனின் பேச்சு மிக எளிமையானது. தந்தையின்றிப் பிறந்ததால் ஒருவர் கடவுளாகிவிடுவாரா? ஆதமின் உதாரணத்தைப் பாருங்கள் என்கிறது (3:59). ஈஸாவும் அவருடைய தாயாரும் உணவு உண்பவர்களாக இருந்தார்கள் என்று நினைவூட்டுகிறது (5:75). அதே நேரத்தில் அவரை மஸீஹ் என்றும், அல்லாஹ்வின் தூதர் என்றும், மர்யமிடம் இடப்பட்ட அவனுடைய வார்த்தை என்றும் கண்ணியப்படுத்தி, மார்க்கத்தில் எல்லை மீற வேண்டாம் என வேதமுடையோரை அழைக்கிறது (4:171).

எல்லை மீறல் பற்றிய எச்சரிக்கை நமக்கும் உண்டு. மர்யமின் மகனைக் கிறித்தவர்கள் வரம்பு மீறிப் புகழ்ந்ததுபோல் தம்மைப் புகழக் கூடாது, அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்றே சொல்ல வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நம்மைத் தடுத்தது புகாரியில் பதிவாகியுள்ளது.

இன்றும் தொடரும் கேள்வி

திரித்துவத்தை மறுத்ததற்காக மிகுவேல் செர்வெட்டஸ் 1553-இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். விஞ்ஞானி ஐசக் நியூட்டன் தம் மறுப்பை வெளியில் சொல்லாமல் எழுதி வைத்தார். 1795-இல் நம் சென்னையிலேயே வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் திரித்துவத்தை ஏற்காத ஒரு கிறித்தவச் சபையைத் தொடங்கினார். யெகோவாவின் சாட்சிகள் இன்றும் இயேசுவைச் சர்வ வல்லமையுள்ள கடவுளாக ஏற்பதில்லை.

பிள்ளைகளிடம் என்ன சொல்லலாம்?

சிறு பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாம்: "ஈஸா நபியை நாமும் நேசிக்கிறோம், அவங்களும் நேசிக்கிறாங்க. நம்மைக் காப்பாத்தக் கடவுளே மனுஷனா வந்தார்னு அவங்க நம்புறாங்க. கேட்டாலே அல்லாஹ் மன்னிப்பான், அதுக்கு அவன் மனுஷனா வர வேண்டியதில்லைன்னு நாம நம்புறோம்." வளர்ந்த பிள்ளையிடம் மேலே கண்ட வரலாற்றைப் பேசலாம்.

கிறித்தவ அண்டை வீட்டாரிடம் பேச நேர்ந்தால், அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று முதலில் அவர்களிடமே கேட்போம். வேதமுடையோருடன் அழகிய முறையிலேயே உரையாடுமாறு அல்லாஹ் சொல்கிறான் (29:46). நம் தவ்ஹீதுக்கு மிகைப்படுத்திய கதைகளின் துணை தேவையில்லை. உண்மையை உள்ளபடி சொன்னால் போதும்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களில் ஈமானையும், நாவுகளில் நேர்மையையும் அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.