பிடி தளரும் இடம்

தடைப்பாதை ஓட்டங்களில் கால் ஓய்ந்து நிற்பவர்களைவிடக் கை நழுவி விழுபவர்களே அதிகம் கண்ணில் படுவார்கள். நெடுந்தூரம் ஓடிப் பழகிய ஒருவர் சேற்றுக்குழியைக் கடக்கிறார், ஆளுயரச் சுவரைத் தாண்டுகிறார், தலைக்கு மேலே வரிசையாக இரும்புக் கம்பிகள் பொருத்திய இடத்துக்கு வருகிறார். பாதி வழியில் விரல்கள் தாமாகவே திறந்துகொள்கின்றன. தோளும் முதுகும் இன்னும் வலுவாகத்தான் இருக்கின்றன. மனமும் தளரவில்லை. ஆனாலும் கை மூட மறுக்கிறது. இந்த ஓட்டத்துக்கான பயிற்சி முழுவதையும் அந்த ஒரு நொடியிலிருந்து தொடங்கிப் புரிந்துகொள்வதே சரி என்பது என் எண்ணம்.

வலது கையை இறுக மூடிக்கொண்டு, முழங்கைக்குச் சற்றுக் கீழே இடது கையால் தொட்டுப் பாருங்கள். சதை திரண்டு கெட்டியாவது தெரியும். விரல்களை மடக்கும் தசை ஒன்றுகூட விரல்களுக்குள் இல்லை. முதன்மையான இரண்டும் முன்கையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டின் குறுகிய பாதைக்குள் நுழைந்து, விரல் எலும்புகளில் போய்ப் பற்றிக்கொள்கின்றன. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நின்று நூலை இழுப்பதுபோல, முன்கை இழுக்க விரல் மடங்குகிறது. இப்படித் தசைகள் தள்ளி இருப்பதால்தான் விரல்கள் மெலிந்து, எழுதவும் தைக்கவும் வீணை மீட்டவும் ஏற்றவையாக இருக்கின்றன. ஆனால் கம்பியில் தொங்கும்போது முழு உடம்பின் எடையும் அந்த ஒல்லியான முன்கைத் தசைகளில் வந்து இறங்குகிறது.

தசை இறுகும்போது அதற்குள் அழுத்தம் ஏறுகிறது. இறுக்கம் ஓர் அளவைத் தாண்டினால், தனக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களைத் தசை தானே நசுக்கிவிடுகிறது. ஓடும் காலில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே தசை இறுகுகிறது, தளர்கிறது. தளரும் ஒவ்வொரு முறையும் ரத்தம் பாய்கிறது. தொங்கும் கையில் தளர்வே கிடையாது. பிராணவாயு வரத்து நிற்கிறது, கழிவுகள் தேங்குகின்றன. சில நொடி வேலைக்காகத் தசை சேமித்து வைத்திருக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற அவசர எரிபொருளும் தீர்கிறது. ரத்தம் பாய்ந்தால் அதில் ஏறத்தாழப் பாதி அரை நிமிடத்திலேயே திரும்பி வந்துவிடும். பாயாவிட்டால் திரும்பவே திரும்பாது. ஆகவே கம்பிக்குக் கீழே வந்து நின்றதும், கைகளைத் தளரத் தொங்கவிட்டு அரை நிமிடம் உதறிக்கொள்வது வீண் தாமதம் அல்ல.

ஜெர்மானிய உழைப்பியல் அறிஞர் வால்ட்டர் ரோமெர்ட் 1960இல் இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். ஒரு தசையால் இயன்ற உச்ச விசையில் பாதியைச் செலுத்தியபடி அசையாமல் இருந்தால் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் தாங்கும். விசையின் பங்கைக் குறைக்கக் குறைக்க நேரம் விறுவிறுவென்று நீளும். இதில் பயிற்சிக்கான வழி ஒளிந்திருக்கிறது. பிடியின் உச்ச வலிமை கூடினால், அதே உடல் எடை அந்த உச்சத்தில் சிறிய பங்காகிவிடும். நசுங்கிய குழாய்கள் சற்றே திறக்கும். மணிக்கணக்கில் தொங்கிப் பழகுவதைவிட, பத்து நொடி முழு மூச்சாகத் தொங்கி, இறங்கி நன்றாக ஓய்வெடுத்து, மறுபடி தொங்குவது பிடியை வலுவாக்கும். கம்பியின்மேல் கனத்த துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்கலாம். இரண்டு கைகளிலும் நீர் நிறைந்த வாளிகளோடு நடக்கலாம்.

வலிமை மட்டும் போதாது; ஊசலின் கணக்கும் தெரிய வேண்டும். அசையாமல் தொங்கும் 70 கிலோ மனிதரின் கைகள் 70 கிலோவைச் சுமக்கின்றன. அவரே செங்குத்திலிருந்து 45 பாகைவரை ஊசலாடினால், ஊசலின் அடிப்புள்ளியைக் கடக்கும்போது கைகளில் விழும் சுமை ஏறத்தாழ 111 கிலோ. அந்த நொடியில் ஒரு கையை விட்டால் மொத்தமும் மறுகைமேல் விழும். ஊசலின் நுனியிலோ அதே மனிதரின் சுமை 50 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தேர்ந்தவர்கள் அடுத்த கம்பிக்குக் கை மாற்றுவது அந்த நுனியில்தான். பார்ப்பதற்கு அவர்கள் எடையே இல்லாதவர்கள்போலத் தெரிவார்கள். உண்மையில் எடை குறையும் கணம்வரை காத்திருக்கிறார்கள்.

இந்த ஓட்டங்கள் பரவிய கதையையும் பார்க்கலாம். 1987இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் அருகே ‘டஃப் கை’ என்ற பெயரில், கடுங்குளிரில் சேறும் நீரும் கடந்து ஓடும் போட்டி தொடங்கியது. அமெரிக்காவில் ‘ஸ்பார்ட்டன் ரேஸ்’ பிறந்தது 2010இல். அதன் மிகச் சிறிய ஓட்டத்திலேயே 5 கிலோமீட்டருக்கு 20 தடைகள். ஜப்பானில் 1997இல் ஆரம்பித்த ‘சசுகே’ தொலைக்காட்சி நிகழ்ச்சி கம்பிகளையும் தொங்கு வளையங்களையும் தனிக் கலையாகவே வளர்த்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றத்துக்குப் பதிலாகத் தடைப்பாதை வருகிறது. 1912இலிருந்து குதிரைமீது அமர்ந்து வந்த விளையாட்டு இனிக் கம்பியில் தொங்கப்போகிறது. ஐந்திறப் போட்டி வீரர்கள் இப்போது முன்கைப் பயிற்சியில் இறங்கியிருக்கிறார்கள்.

பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தொங்கும் நேரம் வேகமாகக் கூடும். தசை அதற்குள் பெரிதாகப் பருத்திருக்காது. முதலில் மாறுவது நரம்பு மண்டலம். அதுவரை சும்மா இருந்த தசையிழைகளையும் சேர்த்து வேலைக்கு அழைக்க அது கற்றுக்கொள்கிறது. இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் குழுவினர் ஒரு கைக்கு மட்டும் பிடிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியே பெறாத மறுகையும் வலுவடைந்திருந்தது! ஒரு கை காயப்பட்டால் பயிற்சியை முழுவதும் நிறுத்த வேண்டாம், மறுகையைத் தொடர்ந்து பழக்கினால் இரண்டுக்கும் நன்மை என்று பிசியோதெரபிஸ்ட்டுகள் இன்று சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது.

நரம்பின் இந்த வேகத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. தசைநாண் அவ்வளவு வேகமாக மாறாது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்–14 பெருமளவு கூடியது; அந்த ஆண்டுகளில் வளர்ந்த உடல்களில் அதன் தடம் பதிந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் அந்தத் தடத்தை இறந்தவர்களின் குதிகால் தசைநாணில் அளந்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தசை தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. தசைநாணின் மையப்பகுதியோ ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி, அதன்பின் அனேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஐம்பது வயதுக்காரர் தன் பதின்ம வயதில் கட்டப்பட்ட நாணோடு ஓடிக்கொண்டிருக்கிறார் என்று எண்ணும்போது உடம்பின்மேல் ஒரு புதிய மரியாதை பிறக்கிறது. பயிற்சிக்கு ஏற்பத் தசைநாணும் விறைப்பும் உறுதியும் பெறும். ஆனால் அதற்கு மாதங்கள் பிடிக்கும். ஒரு மாதத்தில் பிடி இரட்டிப்பானது என்று மகிழ்ந்து சுமையையும் இரட்டிப்பாக்குபவர்களுக்கு விரலடியிலும் முழங்கையிலும் வலி வருவது இதனால்தான். போட்டிக்கு ஆறு மாதம் முன்பே மெதுவாகத் தொங்கத் தொடங்கிவிட வேண்டும்.

இன்னொன்று, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்காக. பிராணவாயு கிடைக்காமல் தவிக்கும் கைத்தசை, நரம்பு வழியே மூளைக்குச் செய்தி அனுப்பி, உடல் முழுவதும் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆலம், ஸ்மிர்க் என்ற இருவர் 1937இலேயே இதைக் காட்டினார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தொங்கினால் அழுத்தம் மேலும் ஏறும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

பிடியை வளர்ப்பதோடு, பிடிக்கு வேலையைக் குறைக்கவும் பழக வேண்டும். கயிறு ஏறும் தடையில் இது நன்றாகத் தெரியும். புதியவர்கள் கையால் இழுத்து இழுத்து ஏறி நடுவழியில் நின்றுவிடுவார்கள். பழகியவர்கள் முதலில் முழங்கால்களை மார்புவரை தூக்குவார்கள். கயிறு ஒரு காலின் வெளிப்புறமாக இறங்கி அந்தப் பாதத்தின் அடியில் வளைந்து வர, மறுபாதத்தால் அதை மேலிருந்து மிதித்துப் பூட்டுவார்கள். பிறகு எழுந்து நிற்பார்கள், அவ்வளவுதான். உடம்பை உயர்த்துவது தொடைத்தசை; கை சாயாமல் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை எழுந்து நிற்கும்போதும் முன்கைக்குள் ரத்தம் மறுபடி பாய இடம் கிடைக்கிறது. இறங்கும்போதும் சறுக்காமல், கால் பூட்டைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, கை மாற்றிக் கை மாற்றியே வர வேண்டும். சறுக்கினால் உள்ளங்கைத் தோல் உரிந்துபோகும். அடுத்த தடை அனேகமாக ஒரு கம்பியாக இருக்கும்.