உங்களுக்குத் தெரியுமா? சிக்கிமுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் ஒரே எடை!

இந்தியாவில் ஜி.எஸ்.டி. வரி விகிதங்களைப் பரிந்துரைப்பது ஜி.எஸ்.டி. மன்றம். ஒன்றிய நிதியமைச்சர் தலைமையில் மாநில அமைச்சர்களும் அமரும் இந்த அவை, அரசமைப்புச் சட்டத்தின் 279ஏ பிரிவின்படி 2016-இல் அமைந்தது.

சுவாரசியமே அதன் வாக்குக் கணக்கில்தான். மொத்த வாக்கில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றிய அரசுக்கு. மீதி மாநிலங்களுக்குச் சமமாகப் பிரிகிறது. மக்கள்தொகை இங்கே கணக்கில் வராது.

தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். எனவே எல்லா மாநிலங்களும் ஒன்றுகூடினாலும் ஒன்றிய அரசு இல்லாமல் எதுவும் நிறைவேறாது. ஒன்றிய அரசுக்கும் தனி வழி கிடையாது. 31 மாநில உறுப்பினர்களும் வந்திருந்தால் குறைந்தது 20 பேரின் ஆதரவு அதற்குத் தேவை. 12 பேர் எதிர்த்தாலே தீர்மானம் விழுந்துவிடும்.

அதனால் பேசித் தீர்ப்பதே வழக்கமாயிற்று. முதல் வாக்கெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில், 38-ஆவது கூட்டத்தில். பொருள்: லாட்டரிச் சீட்டு வரி. கேரளம் எதிர்த்தும், எல்லா லாட்டரிக்கும் ஒரே சீராக 28 சதவீதம் என்று முடிவானது.

மாநில உரிமை பேசுவோர் மறக்கக்கூடாத தீர்ப்பும் ஒன்று உண்டு. மன்றத்தின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.