நொண்டும் அல்சேஷன்! சோம்பல் அல்ல, இடுப்பு நோய்!

பத்து மாதக் குட்டி. படி ஏற மறுக்கிறது. படுத்தால் எழுந்திருக்க முக்குகிறது. ஓடச் சொன்னால் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி குதிக்கிறது.

"தின்னு தின்னு சோம்பேறி ஆயிடுச்சுங்க" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது சோம்பலாக இல்லாமல், "ஹிப் டிஸ்பிளேசியா" என்ற இடுப்பு மூட்டு நோயாகவும் இருக்கலாம்!

கோவையில் ஆர்.எஸ்.புரம், பீளமேடு, சாய்பாபா காலனி என்று எந்தப் பக்கம் போனாலும் கேட்டுக்குள் அல்சேஷனும் லேப்ரடாரும் குரைக்கின்றன. இந்தப் பெரிய ஜாதி நாய்களைத்தான் இந்த நோய் அதிகம் தாக்குகிறது.

கிண்ணத்தில் ஆடும் பந்து

தொடை எலும்பின் தலை பந்து போன்றது. இடுப்பு எலும்பில் உள்ள குழி கிண்ணம் போன்றது. பந்து கிண்ணத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும். இந்த நோயில் லொடலொடவென்று ஆடுகிறது. ஆட ஆட தேய்மானம், வலி, கடைசியில் மூட்டு வாதம்.

இது பரம்பரை நோய். பிறக்கும்போது மூட்டு நன்றாகவே இருக்கும். வளரும் மாதங்களில்தான் தளர்கிறது. மயக்க ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆபரேஷனுக்கு வயசு உண்டு

குட்டிக்கு 20 வாரம் ஆவதற்குள் கண்டுபிடித்தால் சின்ன ஆபரேஷன் போதும். இடுப்பின் அடிப்பகுதி எலும்பு வளர்ச்சியைச் சூடு வைத்து நிறுத்துகிறார்கள். கிண்ணம் தானாகத் திரும்பிப் பந்தை மூடிக்கொள்ளும்.

சுமார் பத்து மாதம் வரை, வாதம் தொடங்காத நாய்க்கு இடுப்பு எலும்பை வெட்டித் திருப்பி பிளேட் வைக்கலாம்.

அதுவும் தாண்டிவிட்டால் இரண்டு வழி. ஒன்று, பந்தையே வெட்டி எடுப்பது. சதையும் தசைநாரும் சேர்ந்து பொய் மூட்டாகத் தாங்கும். எடை குறைந்த நாய்க்கு இது நன்றாகப் பலிக்கும். இன்னொன்று, மனிதர்களுக்குச் செய்வது போல செயற்கை மூட்டு. பலன் அதிகம், செலவும் அதிகம்!

கத்தி இல்லாத வைத்தியம்

எல்லா நாய்க்கும் ஆபரேஷன் தேவையில்லை. எடையைக் குறைப்பது, அளவான நடை, நீச்சல், டாக்டர் தரும் வலி மாத்திரை ஆகியவற்றிலேயே பல நாய்கள் சமாளித்துவிடும். வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கு விரித்தாலே பாதி அவஸ்தை தீரும்.

ஒரு எச்சரிக்கை! வீட்டில் கிடக்கும் மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். இபுபுரூஃபன் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். பாதி நாய்களுக்குத் தீனியில் கால் பங்கு குறைத்தார்கள். 2002-ல் வெளியான முடிவு: குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. இடுப்பு வாதமும் தாமதமாகவே வந்தது. "பாவம், கேட்குதே" என்று தட்டு தட்டாகப் போடுகிறவர்கள் கவனிக்க!

வாங்கும்போதே கேளுங்க

குட்டி வாங்கும்போது தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். நொண்டும் நாயைக் குட்டி போட விடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

நொண்டி என்று ரோட்டில் விட்டுவிட்டால் பாவம் மட்டுமல்ல. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் கூட!