175ஆம் பிரிவு

ஜேர்மனியின் குற்றவியற் சட்டத்தில் 1871இல் 175 என்னும் இலக்கத்தோடு ஒரு பிரிவு புகுந்தது. ஆடவர் இருவர் தம்முட் கொள்ளும் உறவைக் குற்றமென்றது அது. 1935இல் நாஜிகள் அதனை மேலும் கடுமையாக்கினர். தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் உடையில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைக்கப்பட்டது.

1945இல் ஹிட்லர் ஒழிந்தான். அவன் சட்டமும் ஒழிந்திருக்கும் என்றுதானே நாம் எண்ணுவோம்? மேற்கு ஜேர்மனியோ நாஜிகள் எழுதிய வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றாது 1969 வரை வைத்திருந்தது. முகாமிலிருந்து மீண்டவருட் சிலர் அதே பிரிவினால் மறுபடியும் சிறை புகுந்தனர். ஏறத்தாழ 50,000 பேர் தண்டனை பெற்றனர். வேலையிழந்தோரும் உயிரை மாய்த்துக்கொண்டோரும் அவருள் உளர். பிரிவு முற்றாக நீங்கியது 1994இலேதான்.

நாஜி காலத் தீர்ப்புகளைப் பாராளுமன்றம் 2002இல் இரத்துச் செய்தது. பிந்தியவை அப்படியே கிடந்தன. குடியரசின் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் குடியரசின் பாராளுமன்றமே அழிப்பது முறையா எனச் சட்டம் அறிந்தோர் தயங்கினர். தயக்கத்திலேயே பதினைந்தாண்டு கழிந்தது!

2017 ஜூன் 22இல், இளவயதினர் தொடர்பான சில வழக்குகள் தவிர, அவற்றையும் இரத்தாக்க உறுப்பினர் ஒருமனதாக வாக்களித்தனர். தீர்ப்பொன்றுக்கு 3,000 யூரோவும் சிறையிருந்த ஆண்டொன்றுக்கு 1,500 யூரோவும் ஈடாகக் குறிக்கப்பட்டன. இளமையில் ஓராண்டின் விலை அது! பணத்தை நாம் பெரிதாகக் கருதவில்லை. பெற வேண்டியவருட் பெரும்பாலோர் முன்னரே இறந்துவிட்டனர். அன்னாரின் பெயரில் களங்கமில்லை எனச் சான்றிதழ் கேட்டு உடன்பிறந்தார் விண்ணப்பிக்க அச்சட்டம் இடமளித்தது.