டிஸ்கஸ் மீனுக்கு ஏற்ற செடித்தொட்டி



ரப்பர்க் கன்றைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நடலாமா? கூடாது, வேர் அழுகிவிடும் என்று நம் தோட்டத்துப் பிள்ளைகளே சொல்வார்கள். எந்த உயிருக்கும் அதற்கேற்ற இடம் வேண்டும். மீன் வளர்ப்புக்கும் இதுவே விதி.

சிங்கப்பூருக்கு உறவினர் வீடு செல்லும் நாம், சிராங்கூன் சாலையில் பூவும் மளிகையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து வடகிழக்கே, சிராங்கூன் நார்த் அவென்யூ 1 வட்டாரத்தில் அலங்கார மீன் கடைகள் பல உள்ளன. தட்டுப்போல் வட்டமான டிஸ்கஸ் மீனைக் கண்டால் பிள்ளைகள் கண்ணாடியை விட்டு நகர மாட்டார்கள். விலை கூடிய மீன் அது. வாங்கிய வாரமே பறிகொடுக்காமல் காப்பது எப்படி?

இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதி. 28 முதல் 30 பாகை வரை வெதுவெதுப்பான, சுத்தமான மென்னீர் இதற்கு வேண்டும். தொட்டிச் செடிகளில் பலவும் 25 பாகை அளவிலேயே செழிக்கும். செடிக்காக நீரைக் குளிர வைத்தால் மீன் கறுத்து, இரை எடுக்காமல் நலியும். ஆகவே மீனுக்குத் தக்க செடியைத்தான் தேட வேண்டும்.

அத்தகைய செடிகளும் உண்டு. வாள்போல் இலை நீண்ட அமேசான் சுவார்ட் செடியை மணலில் நடலாம். இலங்கை ஓடைகளில் பிறந்த கிரிப்டோகொரைன் வென்டி என்ற செடியும் சூடு தாங்கும். அனுபியாஸ், ஜாவா பெரணி இரண்டையும் மரக்கட்டையில் நூலால் கட்டுங்கள். இவற்றின் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். செடிகளைப் பின்புறமும் ஓரங்களிலும் வைத்து, நடுவில் மீன் நீந்த வெளி விடுங்கள். வெளிச்சம் மிதமாக இருக்கட்டும்.

டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். ஐந்தாறு மீனுக்கு நான்கடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி தேவை. குஞ்சுகள் அடிக்கடி உண்பதால் கழிவு மிகும். மணலும் செடியும் இல்லாத வெற்றுத் தொட்டியில் அவற்றை வளர்த்து, பெரிதான பின் செடித்தொட்டிக்கு மாற்றுவது நல்லது.

இனி முக்கியமான செய்தி. சிங்கப்பூர்க் குழாய் நீரில் கிருமி நீக்கக் குளோரமின் சேர்க்கிறார்கள். நமக்குத் தீங்கில்லை; மீனுக்கு அது நஞ்சு. குளோரின் என்றால் வாளியில் பிடித்து வைத்தாலே நாளடைவில் பறந்துவிடும். குளோரமின் அப்படி எளிதில் போகாது. மீன் கடையில் கிடைக்கும் முறிப்பு மருந்தைச் சொன்ன அளவில் கலந்து, நீரின் சூட்டையும் ஒத்துப் பார்த்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். வாரந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றுங்கள்.

முதலில் நீர், அடுத்துச் செடி, கடைசியில் மீன். இந்த வரிசையில் சில வாரம் பொறுமையாகச் செய்தால், காசும் வீணாகாது; ஓர் உயிரும் வீணாகாது.