பழைய மின் பேஸ் கித்தாரின் மதிப்பீடு

பழைய மின் பேஸ் கித்தாரின் மதிப்பீடு என்பது, சில பத்தாண்டுகளுக்கு முன் உருவாக்கப்பட்ட மின் பேஸ் கித்தார் ஒன்றின் தயாரிப்பு ஆண்டு, அசல் தன்மை, தற்போதைய நிலை, உடைமை வரலாறு ஆகியவற்றை ஆராய்ந்து அதன் விலையைக் கணிக்கும் முறை ஆகும். பழமை மட்டுமே ஓர் இசைக்கருவிக்கு மதிப்பைத் தருவதில்லை. ஒரே ஆண்டில் செய்யப்பட்ட இரு கருவிகளுள் ஒன்று மற்றொன்றைப் போல் இருமடங்கு விலை பெறுவதும் உண்டு.

வரலாறு

1936 அளவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர் மின் பேஸ் கித்தார் ஒன்றை உருவாக்கினார். எனினும், 1951 இல் வெளிவந்த பெண்டர் நிறுவனத்தின் பிரிசிசன் பேஸே உலகெங்கும் பரவிய முதல் வடிவம் ஆகும். அதே நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் 1960 இல் வெளியானது. லியோ பெண்டர் தமது நிறுவனத்தை 1965 சனவரியில் சி.பி.எசு நிறுவனத்துக்கு விற்றார். இவ்விற்பனைக்கு முந்திய கருவிகளைச் சேகரிப்பாளர்கள் உயர்வாக மதிக்கின்றனர். தமிழ்த் திரையிசையில் 1970களின் பிற்பகுதியிலிருந்து, குறிப்பாக இளையராஜாவின் பாடல்களில், பேஸ் கித்தார் முதன்மையான இடம் பெற்றது.

ஆண்டைக் கண்டறிதல்

பெண்டர் கருவிகளில் வரிசை எண் 1950களின் நடுப்பகுதி முதல் 1976 வரை கழுத்தை உடலுடன் இணைக்கும் உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டது. இவ்வெண்கள் ஆண்டு வரிசையில் சீராக அமையவில்லை. தகட்டையும் எளிதில் மாற்றிவிடலாம். ஆகவே எண்ணை மட்டும் நம்புதல் தவறாகும்.

தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகாணிகளையும் கழற்றினால் கழுத்தின் அடிமுனையில் ஒரு தேதி காணப்படலாம். 1962 இன் தொடக்கம் வரை இது பென்சிலால் எழுதப்பட்டது. பின்னர் முத்திரையாகக் குத்தப்பட்டது. இது கழுத்து செய்யப்பட்ட நாளையே குறிக்கும்.

ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும் மாறுமின்தடைகளிலும் குறியீடு உண்டு. எடுத்துக்காட்டாக, 1376612 என்பதில் 137 தயாரிப்பாளரையும், 66 ஆண்டையும், 12 அவ்வாண்டின் வாரத்தையும் குறிக்கும். 1962 ஆம் ஆண்டுக் கருவி எனக் கூறப்படும் ஒன்றில் இக்குறியீடு இருந்தால், அப்பாகம் பின்னர் மாற்றப்பட்டிருக்க வேண்டும். அல்லது கருவியே 1966 ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பற்றாசு கலைக்கப்படாமல் இருந்தால் இரண்டாவது முடிவே பொருந்தும்.

மதிப்பை மாற்றும் காரணிகள்

* வண்ணப்பூச்சு: அசல் பூச்சை நீக்கி மீண்டும் வண்ணம் பூசிய கருவியின் விலை ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது வணிகரிடையே நிலவும் பொதுக் கணக்கு ஆகும். தேய்ந்த அசல் பூச்சு, பளபளக்கும் புதுப்பூச்சை விட மதிப்புடையது.
* பாகங்கள்: தந்திகளின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் பிக்கப், குதிரை, சுருதி கூட்டும் சாவிகள் ஆகியவை அசலாக இருத்தல் வேண்டும். மாற்றப்பட்டிருப்பின் பழைய பாகங்களையும் உடன் வைத்திருப்பது நன்று.
* கழுத்து: வளைவு, முறுக்கு, விரிசல் ஆகியவை மதிப்பைக் குறைக்கும்.
* மரம்: பழைய விரற்பலகைகள் சிலவற்றில் பிரேசில் ஈட்டி மரம் பயன்பட்டது. 1992 முதல் இதன் பன்னாட்டு வணிகம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்தி எனும் இந்திய ஈட்டி 2017 இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இந்திய ஈட்டியாலான முழுமையாக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 இல் விலக்கு அளிக்கப்பட்டது.

கடலோர ஊர்களில்

புதுச்சேரியின் முதலியார்பேட்டை போன்று கடலுக்கு அண்மையிலுள்ள பகுதிகளில் உப்பும் ஈரமும் கலந்த காற்றால் எஃகுத் திருகாணிகளும் தந்திகளும் விரைவில் துருப்பிடிக்கின்றன. ஈரப்பத மாற்றத்தால் கழுத்து வளைவதும் உண்டு. துருவைக் கண்டு பாகங்களைப் புதிதாக மாற்றுவதும், அழகுக்காக உடலுக்கு வண்ணம் பூசுவதும் நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இழப்புகளாகும். மதிப்பிடும் முன் கருவியை உள்ளபடியே விட்டுவைத்தல் வேண்டும்.

உடைமை வரலாறு

புகழ்பெற்ற கலைஞர் வாசித்தது என்னும் கூற்றுக்கு இரசீது, ஒளிப்படம் போன்ற சான்றுகள் தேவை. பால் மெக்கார்ட்னி 1961 இல் ஆம்பர்க்கு நகரில் வாங்கிய ஆப்னர் பேஸ் 1972 இல் இலண்டனில் திருடப்பட்டது. அது அவரிடம் திரும்பிய செய்தி 2024 இல் வெளியானது. அக்கருவியை அதன் தயாரிப்பு நிறுவனமே ஆராய்ந்து உறுதிசெய்தது. திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கியவர் பணத்தையும் கருவியையும் ஒருங்கே இழக்க நேரிடும் என்பதால், விற்பவரின் உரிமையை உறுதிசெய்வதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே ஆகும்.

இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு நிறைந்த பொருள்களையே தொல்பொருளாகக் கொள்கிறது. மின் பேஸ் கித்தார்கள் எவையும் இன்னும் அவ்வயதை எட்டவில்லை.